கரையோர நிலத்துக்கு எந்த ஆடு? கரூவிலிருந்து போயர் ஆடு கொண்டுவருவது பற்றி

டோங்காட் மகள் (பிப்ரவரி)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணக் கரையோரத்தில், டோங்காட்டுக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்து மூன்று ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அப்பா நாற்பது ஆண்டுகள் அதில் கரும்பு பயிரிட்டார். இப்போது அவருக்கு வயது 71 ஆகிறது. முழங்கால் வலியால் அவரால் சரிவில் ஏறி இறங்க முடிவதில்லை. கரும்பை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆன நிலையில், பாதி நிலத்தில் முள்மரமும் புதரும் உண்ணிச்செடியும் மண்டிவிட்டன. ஆட்கூலி கொடுத்து வெட்டுவதைவிட வெள்ளாடு வளர்த்தால் புதரும் குறையும், குடும்பத்துக்கு ஒரு வருமானமும் வரும் என்று எண்ணுகிறோம்.

கரூ என்னும் வறண்ட உள்நாட்டுப் பகுதியிலிருந்து, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் போயர் இனத்தின் 12 பெட்டை ஆடுகளையும் ஒரு கிடாவையும் லாரியில் கொண்டுவந்து இறக்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். அவர் அனுப்பிய படங்களில் ஆடுகள் அகன்ற நெஞ்சும் செந்தலையுமாக மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் பக்கத்து மலைகளில் சூலு மக்கள் வளர்க்கும் சிறிய நாட்டு ஆடுகளையே வாங்கச் சொல்கிறார் அப்பா. அந்த ஆடுகளின் எடை போயர் ஆட்டில் பாதிகூட இருக்காது என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஸ்டேங்கர் ஆட்டுப்பட்டி

தங்கையே, முன்பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் அப்பா சொல்வதே சரி.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே போன்ற படங்களைப் பார்த்துத்தான் 12 ஆடுகளை வாங்கினேன். லாரியிலிருந்து இறங்கியபோது அவற்றின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் நன்றாக மேய்ந்தன. பதினேழாம் நாள் காலையில், எல்லாவற்றிலும் நல்ல ஆடு எதுவோ அது பட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாலையில் அது முன்னங்கால்களை உயரத் தூக்கித் தூக்கி வைத்து, தண்ணீரில் நடப்பதைப் போல நடந்தது. பிறகு ஒரே பக்கமாகச் சுற்றியது, வாயை மென்றுகொண்டே இருந்தது, இரவில் கீழே விழுந்து கால்களை உதைத்துக்கொண்டு இறந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்று நான் நினைத்தேன். மறுநாள் இரண்டு ஆடுகள் இறந்தன. அந்த மாதம் முடிவதற்குள் 9 போயின.

கால்நடை மருத்துவர் வந்து ஒன்றை அறுத்துக் காட்டினார். நெஞ்சுக்கூட்டிலும் இதயத்தைச் சுற்றியுள்ள பையிலும் வைக்கோல் நிறத்தில் நீர் நிறைந்திருந்தது. ஹார்ட்வாட்டர் (இதயநீர்) என்று இந்த நோய்க்கு ஏன் பெயர் வைத்தார்கள் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஆடு விற்றவர், லாரிப் பயணத்தின் களைப்பால் இறந்திருக்கும் என்று சொல்லிவிட்டார். பயணக் களைப்பில் இறக்கும் ஆடு பதினேழு நாள் மேய்ந்துவிட்டு இறக்காது. அந்த மூன்றாவது வாரத்தை மறக்க வேண்டாம் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்

ஸ்டேங்கர் நண்பர் சொன்ன அந்த மூன்று வாரக் கணக்கு மிகப் பழையது. 1838இல் லூயி டிரிகார்ட் என்ற போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) முன்னோடி குடிபெயர்ந்து சென்றபோது எழுதிய நாட்குறிப்பில், தம் செம்மறிகளின் மேல் உண்ணி மிகுதியாக ஏறியதையும், ஏறக்குறைய மூன்று வாரங்களில் அவை நோயுற்று மடிந்ததையும் குறித்து வைத்திருக்கிறார். பொன்ட் உண்ணி என்று நாம் அழைக்கும், முதுகில் வண்ணக்கோலம் உள்ள அந்தப் பெரிய உண்ணியே இந்நோயைப் பரப்புகிறது என்பதை 1900இல் லவுன்ஸ்பரி மெய்ப்பித்தார். நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை 1925இல் கௌட்ரி கண்டறிந்தார்.

உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு விலங்குகளின் மேல் ஏறி இரத்தம் குடிக்கிறது. குஞ்சுப் பருவத்தில் நோயுள்ள ஒரு விலங்கிடமிருந்து கிருமியை எடுத்துக்கொண்டால், தோலுரித்து வளர்ந்த பிறகு அடுத்த விலங்குக்கு அதைக் கொடுத்துவிடும். கடித்ததிலிருந்து காய்ச்சல் தொடங்குவதற்கு ஆடுகளில் பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும். அதனால்தான் புதிய ஆடு முதலில் நன்றாக இருப்பதைப் போலத் தோன்றிப் பிறகு திடீரென்று விழுகிறது. கரூ வறண்ட பகுதி. அங்கே இந்த உண்ணி வாழ்வதற்குரிய புதரும் ஈரமும் இல்லை. அங்கே பிறந்த ஆட்டின் உடலுக்கு இந்தக் கிருமியோடு எந்தப் பழக்கமும் கிடையாது. போயர் ஆடும் அங்கோரா ஆடும் இதற்கு மிக எளிதில் பலியாகும் இனங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மலைகளில் உள்ள நாட்டு ஆடு பல தலைமுறைகளாக இந்த உண்ணிகளுக்கு நடுவே பிறந்து, தாங்காதவை செத்து, தாங்கியவை மட்டும் பெருகிய கூட்டம். அது மட்டுமன்றி, குட்டிகளுக்குப் பிறந்த முதல் வாரத்தில் வயதினால் வரும் ஓர் இயற்கை எதிர்ப்பு உண்டு. அந்த நாட்களில் கிருமியுள்ள உண்ணி கடித்தால் குட்டி பெரும்பாலும் நோயில் விழாமலே எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடுகிறது. கன்றுகளுக்கு இந்தக் காலம் மூன்று, நான்கு வாரம் வரை நீளும். ஆட்டுக்குட்டிக்கு ஒரு வாரந்தான்.

ஆகவே மகளே, எந்த இனம் என்பதற்கு முன்னால், தாய் ஆடு எந்த மண்ணில் பிறந்தது என்று கேளுங்கள். வேறொரு உண்ணிப் பகுதியிலிருந்து வாங்குவதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. இந்தக் கிருமியில் பல வகைகள் உள்ளன. ஒரு வகைக்குப் பழகிய ஆடு இன்னொரு வகையால் விழுவதும் உண்டு. உங்கள் நிலத்திலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் பிறந்த ஆடுகளாக வாங்க முடிந்தால், அதுவே எல்லாவற்றிலும் நல்லது.

நியூகாசில் மேட்டுநிலம்

போயர் ஆட்டைப் பற்றி இவ்வளவு அச்சமூட்டுவது சரியாகப் படவில்லை. நான் பதினோரு ஆண்டுகளாகத் தூய போயர் ஆடுகளையே வளர்க்கிறேன். கிழக்குக் கேப் விவசாயிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய இனம் அது. 1959இல் அதற்கென்று வளர்ப்போர் சங்கமே அமைத்து, தலை, தாடை, கால், காம்பு என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் வகுத்தார்கள். முதிர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். இறைச்சிக்கென்று ஆடு வளர்ப்பவர் அந்த எடையை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

நோய்க்கு மருந்தும் இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியைக் காலத்தில் போட்டால் ஆடு பிழைத்துக்கொள்ளும். ஆண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருந்து நிறுவனத்தில் தயாராகும் தடுப்பு மருந்தும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்

நியூகாசில் நண்பரின் ஆடுகள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர் இருப்பது குளிர்ந்த மேட்டுநிலம், பொன்ட் உண்ணி ஆட்சி செய்வதோ கரையோரமும் வெப்பமான பள்ளத்தாக்குகளும். அவர் நிலத்தில் மெய்யாக இருப்பது டோங்காட்டில் மெய்யாக இராது.

மருந்தைப் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் 'காலத்தில்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கால் தூக்கி நடக்கும் நிலைக்கு வந்த ஆட்டுக்கு ஊசி போட்டுப் பெரும்பாலும் பயன் இருக்காது. காய்ச்சல் மட்டும் இருக்கும்போதே போட வேண்டும். அந்த நிலையில் ஆடு சற்றுச் சோர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆட்டின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி. இந்நோயில் அது 41ஐத் தாண்டும். புதிய ஆடுகளை இறக்கிய இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஆட்டுக்கும் வெப்பமானி வைத்துப் பார்த்தால்தான் பிடிக்க முடியும். முழங்கால் வலியுள்ள 71 வயதுக்காரரும் வேலைக்குப் போகும் மகளும் 13 ஆடுகளுக்கு அதைச் செய்வார்களா என்பதைக் குடும்பம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடுப்பு மருந்து என்பது உயிருள்ள கிருமியைக் கொண்ட இரத்தம். அதை உறைநிலையில் வைத்துக் கொண்டுவர வேண்டும், நரம்பில் ஏற்ற வேண்டும், பிறகு காய்ச்சல் வரும் நாளைக் காத்திருந்து பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். இது மருத்துவர் உடனிருந்து செய்ய வேண்டிய வேலை. பெரிய பண்ணைக்கு அந்தச் செலவு பொருந்தலாம்.

எடை வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. தாய்கள் நாட்டு ஆடுகளாக இருக்கட்டும். கிடாவை மட்டும் போயர் கலப்பாக, அதுவும் நம் கரையோரத்திலேயே பிறந்து ஒரு கோடை மழையைக் கடந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கிடாவுக்கு 25 பெட்டைகள் வரை கணக்கு உண்டு என்பதால் உங்களுக்கு ஒன்றே மிகுதி. பிறக்கும் குட்டி தகப்பனின் எடையில் ஒரு பங்கையும் தாயின் உறுதியில் ஒரு பங்கையும் பெறும். இரண்டாண்டு முடிந்ததும் கிடாவை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது தன் மகள்களையே சினையாக்கும்.

நியூகாசில் மேட்டுநிலம்

கரையோரத்தில் பிறந்த கலப்புக் கிடா என்றால் எனக்கும் உடன்பாடே. என் நிலத்தின் குளிரை வைத்து உங்கள் நிலத்துக்கு நான் கருத்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கிடாவை வாங்கும்போது அதன் தாயைப் பாருங்கள். தாயின் காம்புகள் இரண்டும் தெளிவாக, குட்டியின் வாய்க்குள் அடங்கும் அளவில் இருக்க வேண்டும். காம்பின் குறை மகன் வழியாகவும் பேத்திகளுக்குப் போகும்.

டோங்காட் மகள்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நீங்கள் எழுதியவற்றைப் படித்துக் காட்டினேன். அவர் சிறுவனாக இருந்தபோது தாத்தா வைத்திருந்த ஆடுகளும் பக்கத்து மலையிலிருந்து வந்தவையே என்று சொன்னார்.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. உண்ணிதான் காரணம் என்றால் வாரந்தோறும் மருந்துக் குளியல் கொடுத்து உண்ணியை அறவே ஒழித்துவிடலாமா? இரண்டாவது, எங்கள் நிலம் ஈரமானது. கோடையில் நவம்பர் முதல் மார்ச் வரை புல் காய்வதே இல்லை. அதில் ஆடு நிற்குமா?

ஸ்டேங்கர் ஆட்டுப்பட்டி

முதல் கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். 9 ஆடுகளை இழந்த வேதனையில் அடுத்த ஆண்டு நான் அதைத்தான் செய்தேன். ஓர் உண்ணிகூட இல்லாமல் வைத்திருந்தேன். பிறகு மருந்து கிடைக்காமல் இரண்டு மாதம் தவறியது, அந்த ஆண்டு பிறந்த குட்டிகளே விழத் தொடங்கின. உண்ணியே கடிக்காமல் வளர்ந்த குட்டி, இங்கே பிறந்திருந்தாலும் கரூ ஆட்டைப் போன்றதே என்று அப்போதுதான் விளங்கியது. பெரிய ஆட்டுக்கும் அவ்வப்போது கடிபட்டால்தான் அந்தப் பழக்கம் உடலில் நிற்கும்.

அதற்காக உண்ணியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பொன்ட் உண்ணியின் வாய் மிக நீளமானது. அது மடியிலும் குளம்பிடுக்கிலும் கடித்த இடம் சீழ்பிடிக்கும், காம்பு அழுகி விழுந்துவிடும், ஆடு நொண்டும். எனவே வாரம் ஒரு முறை ஆட்டைப் பிடித்து, மடி, வாலடி, குளம்பிடுக்கு ஆகிய இடங்களில் மட்டும் உண்ணிக் களிம்பைக் கையால் தடவுகிறேன். ஈற்றுக்கு முந்தைய மாதத்தில் மடியை இன்னும் கவனமாகப் பார்க்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் அத்தை

ஈரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். உண்ணிக்கு அடுத்தபடியாக நம் மாகாணத்தில் ஆட்டைக் கொல்வது, கண்ணுக்குத் தெரியாமல் இரைப்பைக்குள் இருந்து இரத்தம் குடிக்கும் கம்பிப்புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். மழையும் வெப்பமும் சேர்ந்த கோடையில் முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். வெள்ளாடு இயல்பில் தலையைத் தூக்கித் தழை கடிக்கும் பிராணி. புதர் இருக்கும் வரை உங்கள் ஆடுகள் புழுவிலிருந்து பெருமளவு தப்பிக்கும். தழையெல்லாம் தீர்ந்து தரையோடு ஒட்டிய புல்லை மேயத் தொடங்கும் நாளில்தான் தொல்லை வரும். அதனால் மூன்று ஹெக்டேரை நான்கு துண்டுகளாக அடைத்து மாற்றி மாற்றி விடுங்கள். எத்தனை ஆடு வாங்கலாம் என்பதைப் புல்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், புதரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பத்துக்கு மேல் தொடங்காதீர்கள்.

எல்லா ஆட்டுக்கும் மாதந்தோறும் புழு மருந்து ஊற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளில் மருந்துக்கு அஞ்சாத புழு மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து உள்ளே உள்ள நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஃபாமாச்சா என்பது அதன் பெயர், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபாஃபா மாலன் பெயரிலிருந்து வந்தது. நல்ல சிவப்பு 1, வெளுத்தது 5. வெள்ளாட்டில் 3, 4, 5 எண்ணுக்கு மட்டும் மருந்து கொடுங்கள், 1க்கும் 2க்கும் வேண்டாம். தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் அட்டையை எடுக்கப் போக வேண்டாம், உடனே மருந்து கொடுங்கள். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் போதாது, ஏனெனில் வெள்ளாட்டின் உடல் மருந்தை விரைவாக வெளியேற்றிவிடும். சரியான அளவை மருத்துவரிடமே கேளுங்கள். இமை பார்ப்பது உங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை.

கொட்டில் மேட்டில் இருக்கட்டும், தரை மரச்சட்டம் அடித்த பரணாக இருக்கட்டும். துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். உண்ணிச்செடியைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பெயரிலேயே உண்ணியை வைத்திருக்கும் அந்தச் செடி ஈரலைக் கெடுக்கும், வெயில் பட்ட தோல் வெந்துபோகும். வேறு தழை இருக்கும்போது ஆடு அதைப் பெரிதாகத் தொடாது. பசியோடு லாரியிலிருந்து இறங்கும் புதிய ஆடு தொடும். முதல் துண்டிலாவது அதை வெட்டி அப்புறப்படுத்திய பிறகு ஆட்டை விடுங்கள்.

இணை சேர்ப்பதற்கு ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. பகல் குறுகும்போதுதான் பெட்டைகள் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். 21 நாளுக்கு ஒரு முறை வரும் என்பதால் கிடாவை ஆறு வாரம் சேர்த்து வைத்தால் தவறியவையும் சினைப்படும். ஐந்து மாதத்தில் ஈனும். அதற்குள் முதல் மழை பெய்து தழை துளிர்த்திருக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்

விற்பனையைப் பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். நம் மாகாணத்தில் ஆடு பெரும்பாலும் உயிரோடுதான் விலைபோகிறது. சூலு குடும்பங்கள் முன்னோருக்குச் செய்யும் சடங்குகளுக்கு நாட்டு ஆட்டையே விரும்பிக் கேட்கிறார்கள். நம்மவர்கள் ஆடி மாத அம்மன் வழிபாட்டுக்கும் முனீஸ்வரன் பூசைக்கும் வாங்குகிறார்கள். முஸ்லிம் குடும்பங்கள் குர்பானிக்கு வாங்கும் ஆட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், கொம்பு உடையாமலும் காது கிழியாமலும் இருக்க வேண்டும். அந்தப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும் என்பதால் எந்த ஈற்றுக் குட்டி அதற்குத் தயாராகும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். கொம்பைத் தீய்க்காதீர்கள்.

விலங்கு அடையாளச் சட்டத்தின்படி ஒரு மாதக் குட்டிக்கே உங்கள் பெயரில் பதிவான குறியைக் காதில் பச்சை குத்த வேண்டும். ஆடு திருட்டு மிகுந்த பகுதியில் அது உங்களுக்கே காவல். 2021இல் நம் மாகாணத்தில் கோமாரி நோய் மீண்டும் தலைகாட்டிய பிறகு ஆடு, மாடுகளை இடம் மாற்றுவதில் கட்டுப்பாடுகள் வந்தன. வாங்குவதற்கு முன் அரசு கால்நடை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வண்டி பேசுங்கள்.

டோங்காட் மகள் (அக்டோபர்)

மீண்டும் வணக்கம். மார்ச் மாதம் என்ட்வெட்வே மலைப்பக்கத்தில் இரண்டு குடும்பங்களிடமிருந்து 9 நாட்டுப் பெட்டைகளை வாங்கினோம். கிடா ஸ்டேங்கர் அண்ணாவின் பட்டியில் பிறந்தது, பாதி போயர். இரண்டு வாரம் தனியே அடைத்துப் புழு மருந்து கொடுத்து, பிறகு விட்டோம். மூன்றாவது வாரம் முழுவதும் நான் உறங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் காய்ச்சல் கண்டது, அன்றே ஊசி போட்டோம், பிழைத்துக்கொண்டது.

செப்டம்பர் கடைசியில் ஈற்று தொடங்கியது. 7 ஆடுகள் 11 குட்டிகள் ஈன்றன, 10 உயிரோடு உள்ளன. இறந்த ஒன்று என் கவனக்குறைவால் போனது. அதன் தாய்க்கு ஒரு காம்பு பழைய உண்ணிக்கடியில் அடைபட்டிருந்ததை வாங்கும்போது நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. இரட்டையில் வலுவான குட்டி ஒரே காம்பைப் பிடித்துக்கொண்டது, மற்றது இரவெல்லாம் சீம்பால் இல்லாமல் கிடந்து விடியலில் போய்விட்டது. நியூகாசில் ஐயா காம்பைப் பற்றி எழுதியதைக் கிடாவுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

அப்பா நாள்தோறும் மாலையில் பரணுக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து இமை பார்க்கிறார். எந்த ஆட்டுக்கு எந்த எண் என்று பழைய கரும்புக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார். இன்னும் இரண்டு ஆடுகள் ஈன வேண்டும். அந்த ஒற்றைக்காம்பு ஆட்டை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாமா?

மாரிட்ஸ்பர்க் அத்தை

வைத்திருக்க வேண்டாம் மகளே. குட்டி பால் மறந்ததும் கொடுத்துவிடுங்கள், அதன் பெட்டைக்குட்டி நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். காம்பு உண்ணியால் போனது, பிறவிக் குறை அன்று. இனி ஈனும் ஒவ்வொரு குட்டிக்கும் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றில் இறங்கியதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், தொப்புளை அயோடினில் தோய்த்துவிடுங்கள். கிடாக்குட்டிகளை நான்காம் மாதத்துக்குள் பிரித்துவிட மறக்காதீர்கள்.

ஸ்டேங்கர் ஆட்டுப்பட்டி

முதல் குட்டிகளுக்கு இந்த மாதக் கடைசியில் ஒரு மாதம் நிறையும். பச்சை குத்தும் இடுக்கியும் மையும் என்னிடம் உள்ளன. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். உங்கள் குறி பதிவான தாளை எடுத்து வைத்திருங்கள், குட்டிகளை முந்தைய இரவே சிறிய அடைப்பில் விட்டு வையுங்கள், அப்பாவை விரட்டிப் பிடிக்க விடாதீர்கள்.